வாளிக்குள் போன மாப்பிள்ளைக் கை

சும்மா உட்காரத் தெரியாதவனை மாப்பிள்ளையாக்கக் கூடாது. (என் மாமனார் இதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டார்.)

அப்போது நானும் என் நண்பன் சரவணனும் ஒரு குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தோம். கதாநாயகன் (நான்தான்) தன் கையின் தோலை உரிப்பான். உள்ளே இரும்பு விரல்கள் மின்னும். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் என்றாலே எனக்கு இளப்பம். பழைய ஆங்கில ரோபோ சண்டைப் படங்களில் எல்லாம் ரப்பரும் பிளாஸ்டரும்தானே! (எங்கள் பட்ஜெட்டும் அதையேதான் சொன்னது.) முதல் வேலை, என் கையை அச்செடுப்பது.

எப்போது? என் நிச்சயதார்த்தத்தன்று காலையில்!

முத்தியால்பேட்டை வீடே பரபரக்க, என்னை மட்டும் பட்டு வேட்டியோடு உட்கார வைத்துவிட்டார்கள். கை துறுதுறுத்தது. மாடிக்கு ஓடினேன். ஃபால்ஸ் சீலிங் வேலை பார்க்கும் சரவணன் பச்சை வாளியில் பிளாஸ்டர் கரைத்தான்.

"கைய விரிச்சே வைடா. அப்பதான் உருவ முடியும்."

விரித்த கையில் வீரம் ஏது? உள்ளே விட்டதும் முஷ்டியை முறுக்கிக்கொண்டேன். பிளாஸ்டர் இறுகியது, சுட்டது. இழுத்தால் வாளியும் கூடவே வந்தது.

வாசலில் வேன் சத்தம். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்பார்.

"உடைடா சீக்கிரம்!"

"சுத்தி கீழ வண்டில கீதுடா!"

வாளியை மடியில் வைத்து, துண்டைப் போர்த்திக்கொண்டு சபையில் உட்கார்ந்தேன். மாமனார் தாம்பூலத் தட்டை நீட்டினார். நான் இடது கையை நீட்டினேன். மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார்.

"என்னா மாப்ள, சோத்துக் கை எங்க?"

"கொஞ்சம் வேலையா இருக்கு மாமா."

"அப்ப வேலய முடிச்சிட்டே சொல்லி அனுப்புங்க" என்று தட்டை இழுத்துக்கொண்டு எழுந்தார். அம்மா தலையில் கை வைத்தாள்.

கவிதாதான் (மணப்பெண்) வந்து துண்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"அப்பா, கை இருக்குப்பா. உள்ள மாட்டிகினு இருக்கு." பிறகு என்னிடம், "ஏங்க, மோதிரத்த வாளி கைப்பிடிலயா மாட்டறது?"

சபை சிரித்தது. மாமனார் சிரிக்கவில்லை. சரவணன் வண்டியிலிருந்து எடுத்துவந்த சுத்தியலை வாங்கி, முதல் அடியை அவரே அடித்தார். கை வெளியே வந்தபோது முடியெல்லாம் பிளாஸ்டரோடு போய், வேகவைத்த இறால் போலச் சிவந்திருந்தது. (தோல் உரியும் காட்சி கிட்டத்தட்ட அசலாகவே முடிந்தது.) வீங்கிய மோதிர விரலில் மோதிரம் ஏறவில்லை. சுண்டு விரலில் போட்டாள். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

கல்யாணச் சீரில் மாமனார் ஒரு பச்சை வாளி வைத்திருந்தார். மூடி போட்டு, கயிறும் கட்டி.

இப்போதும் எங்கள் சொந்தத்தில் நிச்சயதார்த்தம் என்றால், மாப்பிள்ளை முதலில் இரண்டு கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் தட்டு நகரும்.