பச்சைமலைக்குப் போன அண்டா

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு மேடு என்றால் என்னவென்றே தெரியாது. வரப்பைத்தான் மேடு என்போம். ஆற்றங்கரையில் ஏறிவிட்டு மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்துகொள்வோம். எங்கள் வட்டாரத்தைப் படைத்தபோது மட்டும் கடவுள் கையில் கொத்தனாரின் ரசமட்டம் வைத்திருந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட குத்தாலத்தில் பிறந்து வளர்ந்த நான், எனக்கு மலையில் சைக்கிள் ஓட்டப் பிடிக்கும் என்று ஒரு மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

ஆரம்பித்து வைத்தவன் என் தம்பி பிரபு. சீர்காழியிலிருந்து இளங்கோவும் அவருடைய அம்மாவும் என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். கேசரி முடிந்து, காபி முடிந்து, யாருக்கும் பேச எதுவும் இல்லாத அந்த நேரத்தில், “அக்கா சைக்கிள்லதான் ஸ்கூலுக்குப் போவா. வெறித்தனமா ஓட்டுவா” என்றான். (நான் மாயவரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வெறித்தனமாக ஓட்டுவது, முதல் பீரியடுக்கு லேட் ஆகிவிடும் என்பதால்.)

இளங்கோ சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். “நானும் சைக்கிளிங்தாங்க! மலையில ஓட்டியிருக்கீங்களா?”

அந்தக் கண்களில் தெரிந்த ஆர்வத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ரொம்பப் பிடிக்கும்” என்றேன்.

“எனக்கு மலைன்னா உயிருங்க. அந்த அமைதி, அந்த வளைவு... அடடா!”

அவருடைய அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப ஒண்ணு செய்வோம். எல்லாருமா பச்சைமலைக்குப் போவோம். நீங்க ரெண்டு பேரும் சைக்கிள்ல ஏறி வாங்க. நாங்க மேல சாப்பாட்டோட உட்கார்ந்திருக்கோம். பிடிச்சிருக்கா இல்லையான்னு அங்க வந்து சொல்லுங்க, போதும்.”

அதற்குப் பிறகு நான் எடுத்த பயிற்சி இருக்கிறதே! என்னோடு வேலை பார்க்கும் டீச்சரின் கியர் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் மலைக்குச் சமமாக இருப்பது ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். தினமும் விடியற்காலையில் அதில் ஏறி இறங்கினேன். உச்சிக்குப் போனதும் சைக்கிளை நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கும் நாற்றங்கால்களை எவரெஸ்ட்டிலிருந்து பார்ப்பதுபோலப் பார்ப்பேன். பால்காரர் டி.வி.எஸ்ஸில் என்னைக் கடந்து போவார். ஒரு வாரத்தில், பச்சைமலை என்ன, இமயமலையே வரட்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

பச்சைமலைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. அடிவாரத்தில் எங்களை இறக்கிவிட்டு இரண்டு கார்களும் மேலே போய்விட்டன. காலை வெயில், இரண்டு பக்கமும் காடு, ஆளே இல்லாத ரோடு. எனக்கு மனசு றெக்கை கட்டிக்கொண்டு பறந்தது. இளங்கோ சிவப்பு சைக்கிளில், கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு விளம்பரத்தில் வருகிற ஆள் மாதிரி நின்றார்.

“போலாமாங்க?”

“போலாம்!”

முதல் வளைவு வரை நான் ராணி. இரண்டாவது வளைவில் என் மேம்பாலம் முடிந்துவிட்டது, மலை முடியவில்லை. மேம்பாலம் என்றால் ஏறியதும் இறங்கும். இந்த ரோட்டுக்கு அந்த நாகரிகமே தெரியவில்லை. ஏறியது, திரும்பியது, மறுபடி ஏறியது. இளங்கோவோ திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்துகொண்டிருந்தார். கடைசியாக அவருடைய சிவப்பு சைக்கிள் ஒரு வளைவில் மறைந்ததைப் பார்த்தேன். ‘மனுஷனா இது, மலை ஆடா?’ என்று நினைத்துக்கொண்டே அந்த வளைவையும் தாண்டி, அடுத்த ஏற்றத்தில் கியரை மாற்றினேன். எந்தப் பக்கம் மாற்றினேனோ, ‘கடக்’ என்று ஒரு சத்தம். செயின் கழன்று தொங்கியது.

அதை மாட்டினால் மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும். எனவே மாட்டவில்லை. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எனக்கு வாய்த்திருக்க வேண்டிய நல்ல வாழ்க்கையை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது கீழேயிருந்து ஒரு மினி வேன் வந்தது. மேலே ஏதோ காதுகுத்து விசேஷத்துக்குச் சமையல் பாத்திரம் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. கையைக் காட்டினேன். டிரைவர் அண்ணன் என்னையும் சைக்கிளையும் பார்த்துவிட்டு, காரணமில்லாமல் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அண்ணே, கடைசி வளைவு வரைக்கும் விட்டுட்டீங்கன்னா போதும்...”

“ஏறும்மா, ஏறு. பின்னாடி நிறைய இடம் இருக்கு” என்று படுதாவைத் தூக்கினார்.

உள்ளே ஒரு சிவப்பு சைக்கிள் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய அண்டா. அண்டாவுக்குப் பின்னால், பஞ்சாயத்தில் பிடிபட்ட கோழித்திருடன் மாதிரி, இளங்கோ.

“நீங்களா?” என்றேன்.

“நீங்களா?” என்றார்.

டிரைவர் என் சைக்கிளையும் தூக்கிப் போட்டுவிட்டு, பாட்டை இன்னும் சத்தமாக வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

“டயர்ல காத்து கொஞ்சம் கம்மியா இருந்துச்சுங்க” என்றார் இளங்கோ. நான் கை நீட்டி டயரை அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

“மலைன்னா உயிருன்னு சொன்னீங்களே?”

“சீர்காழியில ஏதுங்க மலை? மலையில ஓட்டுறவங்க போடுற வீடியோவெல்லாம் பார்ப்பேன். அவ்வளவுதான். நீங்க பின்னாடி விரட்டிக்கிட்டே வந்தீங்களா, கண்ணுக்கு மறையற வரைக்கும் உயிரைக் கொடுத்து மிதிச்சேன். வளைவு திரும்பினதும் ஒரு புதர் மறைவுல படுத்துட்டேன். நீங்க தாண்டிப் போனப்புறம்தான் இந்த வேன் வந்துச்சு” என்றார்.

“நான் எங்க விரட்டினேன்? உங்களைப் பிடிக்க முடியலைன்னு அழுகையா வந்துச்சு எனக்கு!”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தோம். வேன் குலுங்கியதில் சிரிப்பு அடங்கவே இல்லை. கடைசி வளைவுக்கு முன்னால் இறங்கி, என் செயினை மாட்டிக்கொண்டு, சைக்கிளில் ஏறி, வியர்வையோடு கம்பீரமாகப் போய் நிற்பது என்று முடிவு செய்தோம். அந்த வளைவு வந்தது. வேன் நிற்கவில்லை. கத்தினேன், பாட்டுச் சத்தத்தில் டிரைவருக்குக் கேட்கவில்லை. இளங்கோ ஒரு பெரிய கரண்டியை எடுத்து அண்டாவில் ‘டங் டங்’ என்று அடித்தார். பாத்திரம்தான் உருளுகிறது என்று நினைத்திருப்பார், அண்ணன் வேகத்தை ஏற்றினார்.

எங்கள் இரண்டு குடும்பங்களும் மரத்தடியில் ரோட்டைப் பார்த்து வரிசையாக நின்றிருந்தன. அப்பா கையில் ரோஜா மாலைகள். பிரபு செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இதோ, எந்த நிமிஷமும் நம்ம ஹீரோ, ஹீரோயின்...” என்று வர்ணனை செய்துகொண்டிருந்தான். சரியாக அந்த நேரத்துக்குக் காற்று படுதாவைத் தூக்கி எறிந்தது. ஒருத்தர் அண்டா அடிக்க, ஒருத்தி ‘நிறுத்துங்க!’ என்று அலற, நாங்கள் கோயில் சப்பரம் மாதிரி அவர்களைக் கடந்து போனோம். அப்பாவின் தலை மட்டும் மெதுவாகத் திரும்பி எங்களோடு வந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

வண்டி விசேஷ வீட்டு வாசலில் போய்த்தான் நின்றது. அந்த வீட்டு அம்மாள் ஓடிவந்து, “சமையல் ஆளுங்களா? ஏன் இவ்வளவு லேட்டு? இந்தாங்க, முதல்ல வெங்காயத்தை உரிங்க” என்று ஒரு மூட்டையைக் காட்டினார்.

“இல்லைங்கம்மா, நாங்க சமையல் ஆளுங்க இல்லை” என்று பதறிய இளங்கோ, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், “நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறவங்க!” என்று சொல்லிவிட்டார்.

அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது.

“அதுக்கென்ன, உரிச்சுட்டுப் பண்ணிக்குங்க” என்றார் அந்த அம்மாள்.

உட்கார்ந்து உரித்தோம். எங்கள் கார்கள் தேடிக்கொண்டு வந்து நின்றபோது இரண்டு பேருக்கும் கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக ஊற்றிக்கொண்டிருந்தது. இளங்கோவின் அம்மா பதறிப்போனார்.

“ஏன்டா இப்படி அழுவுறீங்க? பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லிட வேண்டியதுதானே?”

“வெங்காயம்மா!” என்றார் அவர்.

“பிடிச்சிருக்கு அத்தை” என்றேன் நான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அந்த வீட்டுக்காரர்கள் எங்களை விடவில்லை. எங்கள் புளியோதரை காரிலேயே கிடக்க, பந்தியில் உட்கார்த்தி வைத்துச் சாப்பாடு போட்டார்கள். அதற்குப் பிறகுதான் அன்றைய ஒரே உண்மையான சைக்கிள் பயணம் நடந்தது. டிரைவர் அண்ணன் செயினை மாட்டிக் கொடுக்க, இரண்டு பேரும் இறங்கினோம். மிதிக்கவே வேண்டாம்! சட்டைக்குள் காற்று புகுந்து உப்ப, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டு, வளைவுக்கு வளைவு நான் கத்த, அவர் அடுத்த வளைவிலிருந்து பதிலுக்குக் கத்த, அடிவாரம் இவ்வளவு சீக்கிரம் ஏன் வந்தது என்று எனக்குக் கோபமே வந்தது. சமதளத்தில் பிறந்தவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

பிரபுவின் வீடியோ எங்கள் கல்யாண மண்டபத்துப் பெரிய திரையில் திரும்பத் திரும்ப ஓடியது. அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பங்களிலும் பாதியில் கைவிடுவதற்குப் பெயரே ‘அண்டா ஏறுவது’தான். பெரியப்பா நடைப்பயிற்சிக்குப் போய்விட்டு ஆட்டோவில் திரும்பினால், அண்டா ஏறிவிட்டார். பிரபு சி.ஏ. படிப்பை நிறுத்தியபோது அப்பா சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு, “பையன் அண்டா ஏறிட்டான்” என்றுதான் சொன்னார்.

போன வாரம் என் மகள் பெருக்கல் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “அம்மா, நான் அண்டா ஏறிக்கவா?” என்று கேட்டாள். கணக்கு டீச்சராக நான் கண்டித்திருக்க வேண்டும். வாயைத் திறப்பதற்குள் பக்கத்து அறையிலிருந்து அவள் அப்பாவின் குரல் வந்தது:

“ஏறும்மா, ஏறு. உள்ள யார் இருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்!”