லிப்ட் மெக்கானிக் நாற்பத்து மூன்று கொடி நாட்டிய படலம்

இரும்புக் கயிறுகளை எண்ணெயிட்டு ஆள்பவனை, பதினான்கு அடுக்கு மாளிகையின் நடுவழியில் சிக்கிக்கொண்டோரின் அபயக்குரல் கேட்டுப் படியேறி ஓடி மூச்சிரைக்க மீட்பவனை, முழங்காலில் கிரீஸ் கறையும் காதோரம் பென்சிலும் துலங்க நிற்கும் லிப்ட் மெக்கானிக்கை முதற்கண் வாழ்த்துகிறோம். கைப்பேசியின் ஒளித்திரையே, நாற்பது விழுக்காட்டில் ஊசலாடும் மின்னூட்டமே, இக்கதை முடியும்வரை துணை நிற்பீர்களாக. விளம்பரங்களே, நீங்கள் மட்டும் சற்று விலகி நிற்பீர்களாக.

இத்தகைய பெருவீரனுக்கும் ஒரு குறை இருந்தது. எந்தக் கட்டடத்தில் எந்தப் பற்சக்கரம் எந்த மாதம் தேய்ந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அந்த மாபெரும் நெஞ்சில், பார்த்த படம் மட்டும் தங்குவதில்லை. தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், முன்பே பார்த்து முடித்த படத்தைப் புத்தம்புதுசு என்று அடித்துச் சொல்லிப் போட்டான். மூன்றாம் ஞாயிறன்று படம் பாதி கடந்து, ஒற்றைக்காது நாயொன்று திரையில் தோன்றியபோதுதான், 'இந்த நாயை எங்கேயோ பார்த்திருக்கிறோமே' என்று ஐயுற்றான்.

அவன் இல்லாளோ ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாளொன்றுக்கு இருநூறு குப்பிகளுக்குப் பெயர் ஒட்டி, ஒன்றைக்கூட மாற்றி ஒட்டாத மறதி வென்ற மாதரசி. மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அவள் சோபாவிலிருந்து எழுந்தாள். மின்விசிறியும் சுழல மறந்ததோ என ஐயுறும்படி ஆணையிட்டாள்:

"இன்னும் ஒரே ஒரு தடவை பாத்த படத்தையே போடுங்க. அதோட ரிமோட் என் கையில. அப்புறம் கேக்கவே கூடாது."

அந்த ரிமோட்டைச் சாமானியப் பொருளென்று எண்ணற்க. வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் பொத்தானை அமுக்க, அதற்கேற்ப ஏறியும் இறங்கியும் பிழைப்பவனுக்கு, தன் விரலால் தான் விரும்பியதை அமுக்கும் உரிமை ஞாயிறு மாலை ஒன்றில்தான் உண்டு. அது போனால் அவனுக்கு எல்லாம் போன மாதிரிதான். ஆகவே, பார்த்த படங்களைக் குறித்துவைக்கும் செயலி ஒன்றைத் தேர்ந்தே தீர்வேன் என்று சூளுரைத்து, திங்கட்கிழமை மதியம், மொட்டைமாடி மோட்டார் அறையில் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துப் போர்க்கோலம் பூண்டான்.

முதற்கண் எதிர்ப்பட்ட செயலி கடவுச்சொல் என்னும் கோட்டைக் கதவைச் சாத்தியது. எண் வேண்டும் என்றது; கொடுத்தான். குறியீடு வேண்டும் என்றது, கொடுத்தான். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று அது கப்பம் கேட்கக் கேட்க, கேட்டதையெல்லாம் வாரி வழங்கிய வள்ளல், தான் வழங்கியது எதுவென்பதை மறுகணமே மறந்து, ஏழாம் முறை வாசலிலேயே வீழ்ந்தான். அடுத்ததோ, ஒரு படத்தின் பெயரைத் தட்டுமுன் மூன்று மெத்தை விளம்பரங்களை அம்புமாரியாய் எய்தது. அதையும் தூக்கி எறிந்தான்.

மூன்றாவதுதான் நயவஞ்சகச் செயலி. புதன்கிழமை, வேலைநேரத்தில், சோதனைக்கென ஒரேயொரு படத்தின் பெயரை அதில் ஏற்றிவிட்டுத் திருப்தியாய் மீசை தடவினான். அதற்குள் அச்செயலி, கைப்பேசியில் எண்ணுள்ள அத்தனை பேருக்கும், 'உங்கள் நண்பர் இப்போது படம் பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று முரசறைந்துவிட்டது. மூன்றே நிமிடத்தில் மேனேஜரிடமிருந்து ஓலை வந்தது:

"படம் முடிஞ்சதும் சொல்லுங்க. அஞ்சாவது மாடியில ரெண்டு பேர் மாட்டிக்கிட்டு இருக்காங்க."

மானம் கப்பலேறியும் மனம் தளராத வீரன் சனிக்கிழமை நான்காம் செயலியைக் கண்டான். கடவுச்சொல் கேளாதது, விளம்பரம் எய்யாதது, ஊரைக் கூட்டாதது. ஒவ்வொரு படத்தின் அருகிலும் ஒரு கண், ஒரு கொடி என இரண்டே சின்னங்கள் கொண்ட எளிய செயலி. கண்ணைக் கண்டான், அதை ஒரு பொருட்டாகவே மதித்தானில்லை. கொடியைக் கண்டான், கண் கலங்கினான். ஏனெனில் அவன் கம்பெனியில், பழுது பார்த்து முடித்த லிப்டின் அட்டையில் சின்னதாய் ஒரு கொடி வரைந்து கையெழுத்திடுவதே இருபது வருட வழக்கம். கொடி என்றால் வேலை முடிந்தது; அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பின்னர் நிகழ்ந்ததை என்னென்று உரைப்போம். பழைய ரசீதுகளைத் துருவியும், மைத்துனனுக்கு நான்கு முறை போன் போட்டும், பார்த்த படங்களின் பெயர்களைப் பாதாளத்திலிருந்து இழுப்பதுபோல் இழுத்தெடுத்து, ஒவ்வொன்றின் தலையிலும் கொடி நாட்டினான். நாற்பத்து மூன்று கொடிகள். கட்டைவிரல் மரத்துப்போனது.

ஞாயிறு மாலை நான்கு மணி. குளித்து, துவைத்த சட்டை அணிந்து, வலக்கையில் ரிமோட்டும் இடக்கையில் கைப்பேசியுமாய் வீரன் அரியணை ஏறினான். அதாவது சோபாவில் உட்கார்ந்தான். செயலியைத் திறந்ததும், 'நீங்கள் பார்க்கவேண்டியவை' என்று பொன்னெழுத்தில் ஒரு பட்டியல் எழுந்தது. எண்ணி நாற்பத்து மூன்று படங்கள். எண்ணிக்கையைக் கண்டும், அச்செயலியில் பார்த்ததற்குக் கண், பார்க்கவேண்டியதற்கே கொடி என்பது அவனுக்கு உறைக்கவில்லை. இத்தனை புதுப்படங்களா என்று பூரித்துப்போனான்.

"இனி இந்த வீட்டுல பழைய படம்ங்கிற பேச்சே கிடையாது" என்று முழங்கி, பட்டியலின் உச்சியில் இருந்ததைப் போட்டான்.

மழை பெய்யும் சாலையில் ஒரு கார் வந்தது. கதவு திறந்தது. இல்லாள் முறத்திலிருந்த பூண்டை உரித்தபடியே, தலைகூட நிமிராமல் தீர்ப்புரைத்தாள்:

"அந்த டிரைவர்தான் கொலைகாரன்."

வீரன் திடுக்கிட்டான். தோற்றதற்காக அல்ல; கொலைகாரன் யாரென்பது அவனுக்கு உண்மையாகவே நினைவில்லை.

"டிரைவரா?" என்றான்.

அவள் பூண்டு மணக்கும் கையை நீட்டினாள். அந்த நீட்டிய கை முன்னே நாற்பத்து மூன்று கொடிகளும் ஒருசேரச் சாய்ந்தன. ஆறு நாள் படையெடுப்பும், கடவுச்சொல் போரும், மேனேஜர் ஏச்சும், மரத்த கட்டைவிரலின் மாண்பும் வரலாற்றில் கரைந்தன.

ரிமோட்டைக் கொடுத்துவிட்டு டீ போடப் போனான்.