உரிந்து வராத தம்பி

எட்மன்ஸ்டன்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி லெயாந்தருக்கு, அண்ணன் நொர்மாந் தெரியோ எழுதிக்கொள்வது. தேவமாதா புண்ணியத்தில் நானும் உன் அண்ணி ஜானீனும் நாயும் தேக சுகத்துடன் இருக்கிறோம். ஷெடியாக்கில் நீயும் ரொசேலும் உன் மாமனாரும் அவருடைய படகும் அவ்விதமே இருக்கப் பிரார்த்திக்கிறேன். இது சமாதானக் கடிதம் அல்ல என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், ஆகையால் எழுத்து மூலம். விஷயம் வேறொன்றும் இல்லை, நம் டிரெய்லரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற உன் மூஞ்சியைப் பற்றியது.

மார்ச் மாதம் நோட்டரி வீட்டுப் பியானோ மாடிப்படியில் தானாகவே இறங்கிப் போன அன்று, முதலில் கையை விட்டது யார் என்ற பேச்சில் நீ வண்டிச் சாவியை என் காலடியில் வீசிவிட்டு மாமனாரோடு சிங்கி இறால் பிடிக்கப் போய்விட்டாய். சரி, போனவன் போனான். ஆனால் டிரெய்லரில் ‘தெரியோ சகோதரர்கள், வீடு மாற்றித் தருவோம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, சோபாவுக்கு அந்தப் பக்கம் நீயும் இந்தப் பக்கம் நானும் இரண்டாள் உயரத்துக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோமே, அது போகவில்லை. கூலிக்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு எந்த வீட்டுக்குப் போனாலும் படத்தைப் பார்க்கிறார்கள், அவனைப் பார்க்கிறார்கள், “படத்துல இருக்கறவர் வரலையா?” என்கிறார்கள். எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வது? உன்னை உரித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஸ்டிக்கர் ஒட்டும் கிஸ்லேனைக் கூப்பிட்டேன். நமக்கு முதலில் ஒட்டிக் கொடுத்தவளும் அவள்தானே. டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, உன் கன்னத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தகட்டு மேல இருக்கறது வந்துரும் அண்ணே, ரிவெட்டு ஆணி மேல இருக்கறதுதான் உசிர வாங்கும். ஒவ்வொரு ரிவெட்டுத் தலைக்கும் சூடு காட்டி, பிரஷ்ஷால அமுக்கி அமுக்கி நானே ஒட்டினது. லேசுல விடாது” என்றாள். “நீ வேலைய ஒழுங்கா செஞ்சதுக்கு இப்ப நான் அழணுமா?” என்றேன். “அழ வேணாம், சுரண்டுங்க” என்று ஒரு பிளாஸ்டிக் தகடை என் கையில் கொடுத்தாள். என் பக்கம் இருக்கிறதே, அது போன வருஷம் கேட்டில் உரசினதற்காகப் புதிதாக ஒட்டியது, சூட்டுக் காற்று பட்டதும் வெந்த கிழங்குத் தோல் மாதிரி முழுசாக உரிந்து வந்தது. வாசலில் விரித்துப் போட்டேன், நாய் என் நெற்றியில் படுத்துக்கொண்டது. உன்னுடையது பழசு, வெயிலில் காய்ந்து அப்பளமாக இருந்தது. நகத்தளவு நகத்தளவாகத்தான் வந்தது, ரிவெட்டுப் பக்கம் போனால் அதுவும் இல்லை. இருட்டும்வரை சுரண்டினோம். கிட்டே பார்த்தால் ஒன்றும் இல்லை, வெறும் தகடு. பத்தடி தள்ளிப்போய்த் திரும்பினால், ரிவெட்டு ரிவெட்டாய் நின்றுபோன துணுக்கெல்லாம் ஒன்று சேர்ந்து உன் ஒரு கண், பாதி மீசை, ஒரு காது! என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறாய்! இதற்குள் கிஸ்லேன் மேலே ‘சகோதரர்கள்’ என்பதில் ‘கள்’ளை மட்டும் சுத்தமாக எடுத்துவிட்டிருந்தாள். மீதியைக் கரைக்க மருந்து வரவேண்டும், வந்ததும் வருகிறேன் என்று போய்விட்டாள்.

மறுநாள் மதாம் மிஷோ வீட்டைக் காலி செய்ய ஒத்துக்கொண்டிருந்தேன், என்ன செய்வது, அந்தக் கோலத்திலேயே ஓட்டிக்கொண்டு போனேன். அந்தம்மா வாசலில் நின்று டிரெய்லரை மேலும் கீழும் பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள். “எப்பப்பா ஆச்சு?” என்றாள். நீ போனதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, “மார்ச்லயே ஆச்சும்மா” என்றேன். “எப்படி?” “திடீர்னுதான். பியானோவால.” “ஐயோ கடவுளே, பியானோவா! கடைசியா எதுனா சொன்னானா?” “சொல்லக்கூடாததெல்லாம் சொன்னான்.” “வலி அப்படி, பாவம். இப்ப எங்கே?” “கடலோரத்துல, மாமனார் வீட்டுப் பக்கம்.” “அங்கேயே வெச்சுட்டாங்களா!” என்று முந்தானை இல்லாத குறைக்குச் சமையல் துணியால் கண்ணைத் துடைத்தாள். இத்தனை நேரமும் நான் அலமாரியைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு எங்கே இதெல்லாம் உறைக்கும்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மேசைமேல் ஒரு பன்றிக்கறி அடை, ஒரு சட்டி கோழி ஸ்டூ, துணி போட்டு மூடிய பிளோய் தோசை அடுக்கு. யாரோ கொடுத்துவிட்டுக் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனதாக ஜானீன் சொன்னாள். இந்த ஊரில் நல்லவர்கள் அதிகம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டோம். உனக்கு இறுதிப் பூசை எந்த நாளில் வைக்கலாம் என்று கேட்டுக்கொண்டு பங்குச் சாமியார் வந்தபோதுதான் மதாம் மிஷோ என்ன கேட்டாள் என்பதே எனக்கு உறைத்தது. அவருக்குப் பின்னாலேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். கிழவர் ருவா வந்தார், அதான், படி ஏற முடியாதவர். “உன் தம்பி என்னை நாற்காலியோட தூக்கிட்டுப் போயி மாடி ஜன்னல்ல உக்கார வெச்சான்யா, ஆறு தெரியட்டும்னு. உங்கிட்ட சொல்லவேணாம்னான், முதுகைக் கெடுத்துக்காதேன்னு நீ திட்டுவியாம்” என்றார். இன்னொருத்தி, அவள் குழந்தையின் உடைந்த தொட்டிலை நீ ராத்திரி உட்கார்ந்து சேர்த்துக் கொடுத்ததைச் சொன்னாள். எனக்கு ஒன்றுமே தெரியாதேடா! அவன் சாகவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு அடை வந்தது. ஒருவழியாக ஞாயிற்றுக்கிழமை கோவிலில் சாமியாரே அறிவித்தார், லெயாந்தர் உயிரோடு இருக்கிறான், சௌக்கியமாக இருக்கிறான் என்று. சிலருக்குச் சந்தோஷம், சிலர் பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.

திங்கட்கிழமை கிஸ்லேன் மருந்தோடும் புதுப் படத்தோடும் வந்தாள். விரித்துக் காட்டினாள். நான் மட்டும், தனியாக, சோபாவைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரிக்கிறேன். “ரெண்டு பேர் தூக்கினா வீடு மாத்தறாங்கன்னு தெரியுது அண்ணே. ஒருத்தரே தூக்கிட்டுப் போனா திருட்டு மாதிரி இருக்கு” என்றாள். ஜானீன் ஜன்னல் வழியாக, “அதையேதான் நானும் நெனச்சேன்” என்றாள். “பழைய படம் வெச்சிருக்கியா?” என்றேன். வண்டியிலேயே வைத்திருந்தாள் கள்ளி, இருவரையும் அச்சடித்துச் சுருட்டி, ‘கள்’ உள்பட! மருந்து போட்டு உன் மீசையைக் கரைத்துத் துடைத்து, புதுசை ஒட்ட ஆரம்பித்தோம். சமமான இடம் வழித்த மாவு மாதிரி படிந்துவிட்டது. ரிவெட்டுகளின் மேல்தான் கூடாரம் அடித்த மாதிரி எழும்பி நின்றது. அவள் கூடாரத்தை ஊசியால் குத்திக் காற்றைப் போக்கிச் சூடு காட்டுவாள், நான் உருண்டை பிரஷ்ஷால் வட்டமாக அமுக்குவேன். உன் மூக்குமேல் சரியாக ஒரு ரிவெட்டு, நெற்றியில் வரிசையாக. “இன்னும் நல்லா அமுக்குங்க, விட்டா மறுபடி எழும்பிரும்” என்றாள். ஆசை தீர அமுக்கினேன். அரை வருஷக் கோபம் அத்தனையும் உன் நெற்றியில் தீர்ந்தது என்றால் நம்பு. உன் கன்னத்தில் ஒரு காற்றுக்குமிழி நின்று பல்வலிக்காரன் மாதிரி இருந்தாய், அதையும் நானே குத்திச் சரிசெய்தேன். முடித்துவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். நன்றாக இருக்கிறோமடா.

இதனால் நீ திரும்பி வரவேண்டும் என்று அர்த்தம் இல்லை. உனக்குக் கடல் பிடித்திருக்கிறது, மாமனார் இருக்கிறார், இரு. நீ இல்லாமல் நான் சமாளித்துக்கொள்வேன். படம் இருந்தால் எனக்குப் போதும். ரொசேலுக்கு எங்கள் அன்பும், உன் மாமனாருக்கு மரியாதையும், உனக்கு அண்ணனின் ஆசீர்வாதமும். ஆண்டவர் உன்னை அலையிலும் குளிரிலும் காப்பாராக.

இப்படிக்கு,
நொர்மாந்

பின்குறிப்பு: தபால் தலையை நாக்கில் வைத்திருக்கும்போது உன் வேன் வாசலில் வந்து நின்றுவிட்டது. கறுப்பு கோட்டு, கறுப்பு டை, கையில் மலர்வளையம். தெரியோ சகோதரர்களில் ஒருத்தர் செத்துவிட்டார் என்று மட்டும்தான் ஷெடியாக்குக்குச் செய்தி வந்ததாம். நீ உயிரோடு இருப்பது உனக்குத் தெரியும், ஆக நான்தான் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். கதவைத் திறந்த என்னைக் கட்டிக்கொண்டாய், அப்புறம் சட்டையைப் பிடித்து உலுக்கி, “வழியெல்லாம் அழுதுட்டே ஓட்டிட்டு வந்தேன், நீ இங்க ஜம்முனு நிக்கிறியே அண்ணே!” என்று சண்டை போட்டாய். இதை எழுதும்போது நீ என் சமையலறையில் உட்கார்ந்து, உன் சாவுக்கு வந்த அடையில் மூன்றாவது துண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய். ஆகையால் இந்தக் கடிதத்தை அனுப்பப் போவதில்லை, மேலே நீ வரவேண்டாம் என்று எழுதியதும் செல்லாது. தின்று முடித்ததும் அந்தக் கோட்டைக் கழற்று, மலர்வளையத்தை உன் அண்ணி எங்காவது மாட்டுவாள். வெள்ளிக்கிழமை ஒரு மூன்றுமாடி வீடு காலி செய்ய ஒத்துக்கொண்டிருக்கிறேன், லிஃப்ட் கிடையாது.