சிப்பியா, சோஜுவா

பாதி உண்மையை மட்டுமே வீட்டில் சொல்வது என்ற உறுதியோடுதான் பொம்சிக் மருந்துக் கடையிலிருந்து திரும்பினான். சிப்பி தின்ற மறுநாளெல்லாம் அவனுக்கு மண்டை தெறித்தது. சிப்பியால்தான் வலி என்றால் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது? தொங்யொங் விரிகுடாவில் பாதி மிதவைகளில் தொங்குவது அவர் வளர்க்கும் சிப்பி. கூடக் குடிக்கும் சோஜு சாராயத்தால் என்றாலோ, வீட்டில் இனி பாட்டிலைக் கண்ணாலும் பார்க்க முடியாது. மாமனாரையாவது சமாளிக்கலாம்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி ஓக்சன், அவன் செருப்பைக் கழற்றுமுன்பே.

"சிப்பி சில பேருக்கு ஒத்துக்காதாம். தலை வலிக்குமாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... அவ்வளவுதான்."

அவ்வளவுதான் இல்லை. "உதடு வீங்குதா? உடம்பு அரிக்குதா? இல்லியா? சிப்பி கெட்டுப்போயிருந்தாலும் வலிக்கும். சரி, கூட என்ன குடிக்கிறீங்க?" என்று மருந்துக் கடை அம்மாள் கேட்டிருந்தாள். அந்தக் கடைசிக் கேள்வியை அவன் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

"பாவம் நீங்க," என்றாள் ஓக்சன். அவள் பாவம் என்றால் பின்னாலேயே ஏதோ வருகிறது என்று அர்த்தம். "சனிக்கிழமை அம்மா வீட்ல குளிர்காலத்துக்குக் கோஸ் ஊறுகா, கிம்ச்சி போடுறோம். வேலை முடிஞ்சா பன்றிக்கறி, பச்சைச் சிப்பி, சோஜு எல்லாம் வரும். அங்க வந்து தலையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா நல்லாவா இருக்கும்? இன்னிக்கே பாத்துருவோம். வெறும் சிப்பி மட்டும் சாப்பிடுங்க. தலை வலிச்சா சிப்பிதான் குத்தவாளி. சோஜுவப் பத்தி நான் ஜென்மத்துக்கும் பேசமாட்டேன்."

"வலிக்கலைன்னா?"

"வலிக்கலைன்னா இனி சோஜுக்குப் பதிலா பார்லித் தண்ணி."

சாயங்காலம், முட்டையில் தோய்த்துப் பொரித்தது தட்டு நிறைய வந்தது. பொம்சிக் மென்றுகூடப் பார்க்கவில்லை. மாத்திரை மாதிரி விழுங்கினான். பிறகு, கடைசி பஸ்ஸை எதிர்பார்ப்பவன் போலத் தலைவலிக்காகக் காத்திருந்தான்.

வரவில்லை. நெற்றிப்பொட்டை அமுக்கினான். தலையை உலுக்கினான். ஊஹூம். மண்டை, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. இவ்வளவு சுகமாக இருந்துகொண்டு இவ்வளவு பயந்தது அவன் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை.

"ஐயோ..." என்று முனகினான்.

"வலிக்குதா?"

"பிளக்குது."

"எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம். அந்தப் பக்கமும்."

ஓக்சன் ஈரத்துணியை அவன் நெற்றியில் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள்.

"எல்லாம் என் தப்புதாங்க. காத்துன்னு அப்பா படகையே எடுக்கல. சிப்பிக்கு நான் எங்க போறது? காளானைத்தான் பொரிச்சேன். கடல் வாசம் வரட்டும்னு கடற்பாசித் தண்ணியில ஊறவச்சேன்."

பொம்சிக் ஈரத்துணியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஏங்க, காளான் தின்னாக்கூடத் தலை வலிக்குமா?"

"ஓக்சன்... மாமாகிட்ட சொல்லிடாத."

"எத? பொய்யா வலிச்சதையா? சேச்சே, அதெல்லாம் வீட்டோட. ஆனா சிப்பிக்காரர் மாப்பிள்ளைக்குச் சிப்பி எது காளான் எதுன்னு தெரியலியே, அத எப்படி மூடி மறைக்கிறதுன்னுதான் கவலையா இருக்கு."

குடிகாரனை அந்த ஊர் மன்னிக்கும். பொய்யனையும் மன்னிக்கும். இதை மன்னிக்காது.

சனிக்கிழமை, முட்டைக்கோஸ் சுமந்து சுமந்து பொம்சிக்கின் இடுப்பு கழன்றது. பன்றிக்கறி ஆவி பறக்க வந்தது. மாமனார் சோஜு பாட்டிலைச் சாய்த்தார். பொம்சிக் மரியாதையாக இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினான்.

எதிரில் ஓக்சன் கோஸ் இலையில் எதையோ வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "இதுக்குள்ள இருக்கிறது என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

நீட்டிய கோப்பை திரும்பி வந்தது.

"எனக்குப் பார்லித் தண்ணி போதும், மாமா."

அந்த வருத்தத்தில் எல்லாரையும்விட அதிகமாகச் சிப்பி தின்றவன் அவன்தான். மறுநாள் காலை, ஆறுதலுக்காவது ஒரு தலைவலி வரும் என்று படுக்கையிலேயே காத்துக் கிடந்தான்.

அதுவும் வரவில்லை.