தபால் செலவு விற்பவர் பொறுப்பு

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அதில் அத்தை சௌக்கியம் என்ற பாதியை மட்டும் நம்புங்கள். நீங்களும் எங்கள் மகள் பாப்பாவும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் இப்படிப் பக்கம் பக்கமாகக் கடிதம் என்று கேட்பீர்கள். அந்தப் போனில் இப்போது வேறு சிலர் என்னைக் கூப்பிடுகிறார்கள், அதனால் அதை அணைத்து பீரோவில் போர்வைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எனக்காகத் திறந்து கொடுத்த ஆன்லைன் கடையை, இதைப் படித்த கையோடு மூடிவிட வேண்டும். பாஸ்வேர்டு உங்களிடம்தான் இருக்கிறது. என்னால் முடிந்திருந்தால் நானே மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நீங்கள் நல்லெண்ணத்தில்தான் செய்தீர்கள், குறை சொல்லவில்லை. ஓய்வு பெற்ற மனுஷன் சும்மா உட்கார்ந்தால் அத்தையின் சமையலில் குற்றம் கண்டுபிடிப்பான், அதற்கு இது தேவலாம் என்று நினைத்தீர்கள். நான் வாசல் மேசையில் வேலை பார்த்த லாட்ஜை இடித்தபோது பழைய இரும்புக்காரர்கூட வேண்டாமென்று தள்ளிய தகர டப்பாவை நான் வீட்டுக்குத் தூக்கி வந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அறைச் சாவிகளில் கோத்திருந்த பித்தளை வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஓர் அறை எண். சாவிகள் கதவுகளோடு போய்விட்டன, வில்லைகள் மட்டும் மிஞ்சின. “இதையெல்லாம் சேகரிக்கிறவங்க இருக்காங்க மாமா, உலகம் ரொம்பப் பெரிசு” என்றீர்கள். பெரிசுதான், யார் இல்லையென்றது? ஆனால் எனக்கு ஆர்டர் கொடுத்த அத்தனை பேரும் ஒரே விலாசத்தில் இருக்கிறார்கள். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் இந்தக் கட்டணப் புராணத்தைக் கொஞ்சம் கேளுங்கள். ஒரு வில்லையின் விலை இரண்டு டீ குடிக்கிற காசு. அதில் விற்றுக் கொடுத்ததற்குக் கமிஷன், பணத்தை வாங்கிக் கொடுத்ததற்கு இன்னொரு கமிஷன். சரி, தபால் செலவை வாங்குகிறவர் தலையில் போடலாம் என்றால், அந்தத் தபால் செலவுக்கும் சேர்த்துக் கமிஷன் பிடிக்கிறார்கள்! தபாலாபீசுக்குப் போகிற காசில் இவர்களுக்கு என்ன பங்கு, மூட்டையில் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார்களா? நான் பொருமியபோது நீங்கள், “டெலிவரி இலவசம்னு போடுங்க மாமா, அப்பதான் ஆள் வரும்” என்றீர்கள். போட்டேன், ஆள் வந்தது. யாருக்கு இலவசம் என்பதைத்தான் நீங்கள் சொல்லவில்லை. தபாலாபீஸ் மேசையில் ஒரு மரச்சட்டம் வைத்திருக்கிறார்கள், நடுவில் ஒரு பிளவு. உறை அதில் வழுக்கிக்கொண்டு போனால் கடிதம், சிக்கிக்கொண்டால் பார்சல். “வளைச்சுப் பாருங்க சார். வளைஞ்சா கடிதம்” என்றார் அந்த மேசை அம்மா. “பித்தளை எப்படிம்மா வளையும்?” என்றேன். “அப்ப பார்சல்” என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார். வில்லையில் கீறல் விழுந்தால் புகார் வருமே என்று நான் அட்டையும் டேப்பும் சுற்ற, எடை அடுத்த படிக்கு ஏற, உங்கள் அத்தை பார்த்துவிட்டு, “நீங்க விக்கிறது வில்லையா டேப்பா? டேப்ப விக்கிறதுன்னா அதுக்கு நடுவுல எதுக்கு வில்லை?” என்று கேட்டாள். விற்க விற்க நஷ்டமாகிற வியாபாரத்தை நம் குடும்பத்தில் நான்தான் தொடங்கி வைத்திருக்கிறேன்.

முதல் ஆர்டர் பதினாலாம் எண் வில்லைக்கு வந்தது. வாங்கியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பதினாலு’ என்று மட்டும் இருந்தது. விலாசம், அறை எண் பதினாலு, நம் லாட்ஜ், நம் தெரு. யாரோ பழைய வாடிக்கையாளர் விளையாடுகிறார் என்று நினைத்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. லாட்ஜில் நாங்கள் யாரையும் பெயர் சொல்லிப் பேசியதே கிடையாது. “பதினாலு சுடுதண்ணி கேக்குது”, “ஒன்பது இன்னும் எழுந்திருக்கல” என்றுதான் பேச்சு. அவர்களும் என்னைப் பெயர் சொல்லவில்லை, மேசைமேல் இருந்த மணியைத் தட்டினால் வருகிறவன் என்பதால் எனக்கு மணி என்றே பெயராகிவிட்டது. உள்ளூர் என்றாலும் தபாலில் அனுப்பினால்தான் கடைப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும் என்பதால், இல்லாத விலாசத்தை எழுதி, இருக்கிற காசைக் கொடுத்து அனுப்பினேன். திரும்பி வரும் என்று காத்திருந்தேன். ‘சேர்ப்பிக்கப்பட்டது’ என்று செய்தி வந்தது. கூடவே ஐந்து நட்சத்திரம், கீழே ஒரு வரி: ‘சாமான் பத்திரமாக வந்தது. மணிக்கு இன்னும் கையெழுத்து மாறவில்லை.’

அதைப் படித்தபோதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஐந்து நட்சத்திரம் ஐந்து நட்சத்திரம்தானே மாப்பிள்ளை, மனுஷ மனசு கேட்குமா? பிறகு ஒன்பது வாங்கியது, இருபத்திரண்டு வாங்கியது, மாடி முழுவதும் வாங்க ஆரம்பித்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பார்சல், என் கைக்காசு கரைந்தது. அப்போது இருபத்திரண்டிடமிருந்து ஒரு செய்தி: “மணி, எதுக்கு இத்தனை செலவு? அந்தக் காலத்துல நாங்க கூப்பிட்டதையெல்லாம் சேத்துவச்சு, முட்டி வலிக்குதுன்னு ஒரே நடையா மாடிக்கு வருவீங்களே. அதே மாதிரி பார்சலையும் சேத்துடுங்க. நாங்க எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கோம்.” என் முட்டி வலி விஷயம் உங்கள் அத்தைக்கே தெரியாது, வயசைக் காட்டிக்கொடுக்கும் என்று மறைத்து வைத்திருந்தேன். செய்தியைப் பார்த்து அவள், “முட்டி வலின்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?” என்று அதற்குத்தான் சண்டை பிடித்தாளே தவிர, அனுப்பியது யார் என்று கேட்கவில்லை.

சேர்த்து அனுப்பியதில் செலவு பாதியாகக் குறைந்தது, அதை மறைப்பானேன். இருந்தாலும் மனசு ஆறாமல் அத்தையையும் அழைத்துக்கொண்டு நல்ல வெயிலில் அந்த இடத்துக்குப் போனேன். சுற்றிலும் தகர வேலி, உள்ளே கார்கள் நிறுத்துகிறார்கள். மாடிப்படி இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் கார் நின்றது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளியிடம், இங்கே தபால் ஏதாவது வருகிறதா என்று கேட்டேன்.

“தினமும் வருது சார். தபால்காரர் பின்பக்கமாப் போவார்.”

“பின்பக்கம் யாருப்பா வாங்கிக்கிறாங்க?”

“நான் அதையெல்லாம் பாக்கறதில்ல. பாத்தா சம்பளம் ஏத்தித் தருவாங்களா?” என்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்கதான் மணியா? எப்ப டூட்டிக்கு வருவீங்கன்னு கேக்கறாங்க.”

உங்கள் அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் பட்டப்பகலில் வாசற்கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

மறு வாரம் பதினாலு தன் வில்லையைத் திருப்பி அனுப்பியது. திருப்பி அனுப்பும் செலவும் விற்பவர் பொறுப்பாம், அந்த விதியை எழுதியவர் வீட்டில் விளக்கெரியட்டும். உறை நனைந்திருந்தது, அன்றைக்கு மழை இல்லை. பிரித்தால், நான் அனுப்பியது வெறும் வில்லை, வந்திருப்பது சாவியோடு. சாவி யாரோ இவ்வளவு நேரம் உள்ளங்கையில் மூடி வைத்திருந்ததுபோல் சுடச்சுட இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தது: ‘பொருத்திப் பார்த்தேன். கதவு திறந்தது. எதிரே வராந்தா இல்லை. ஆகவே திருப்புகிறேன்.’ நான் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கமிஷனை மட்டும் கடைக்காரர்கள் திருப்பித் தரவில்லை, ஆவியே வந்தாலும் அவர்களிடமிருந்து ஒரு காசு பெயராது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள். டப்பாவில் ஒரு வில்லையை மட்டும் நான் விற்பனைக்குப் போடவே இல்லை. அதில் எண் கிடையாது, ‘மேசை’ என்று மட்டும் வெட்டியிருக்கும். லாட்ஜில் ஒரு வழக்கம் உண்டு. மேசை வில்லை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் டூட்டி. அடுத்த ஆள் வந்து அதைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொள்ளும் வரைக்கும், தாயே தகப்பனே என்றாலும் வாசற்படி தாண்டக் கூடாது. இடிக்கிற அன்றைக்கு என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள ஆள் வரவில்லை. முதலாளி, “போய்ட்டு வாப்பா” என்றார், நானும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நேற்றுக் கடையைத் திறந்து பார்த்தால் அந்த வில்லை விற்பனையில் இருக்கிறது. படத்தில் வில்லையைப் பிடித்திருப்பது என் கை, பின்னால் தெரிவது அந்தப் பழைய மேசை. எல்லா அறைகளும் சேர்ந்து காசு போட்டு வாங்கிவிட்டன. அனுப்பும் முறை என்ற இடத்தில், ‘டூட்டி ஆளோடு சேர்த்து’ என்று இருக்கிறது. ரத்து என்ற பொத்தானை அழுத்தினேன். ‘ரத்துக் கட்டணம் உண்டு, தொடரலாமா’ என்று கேட்டது. என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று தொடர்ந்தேன். ‘விற்பவருக்கு இந்த உரிமை இல்லை’ என்று வந்துவிட்டது. அப்போதிலிருந்து போன் அடிக்கிறது, எடுத்தால் பேச்சில்லை, மேசை மணியைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. பழக்க தோஷம், இரண்டு தடவை “இதோ வந்துட்டேன்” என்று வாய் சொல்லிவிட்டது.

எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. வெட்கமில்லாமல் எழுதுகிறேன். என் பாதி வயசை அந்த மேசையில் கழித்துவிட்டு, இப்போதுதான் உங்கள் அத்தையோடு பகலில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன். அவளுக்குச் சர்க்கரை எவ்வளவு போட வேண்டும் என்பதே எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது. மறுபடி அங்கே போய் நிற்க எனக்கு மனசில்லை. தயவுசெய்து கடையை மூடிவிடுங்கள். கடை இல்லையென்றால் ஆர்டர் இல்லை, ஆர்டர் இல்லையென்றால் டூட்டியும் இல்லை.

பாப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், வீணாகப் பதறுவாள். நீங்கள் இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு உறங்கி, எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசீர்வாதம். அத்தை தன் அன்பைத் தனியாகச் சொல்லச் சொன்னாள், ஒரே உறையில் இரண்டையும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள், கடையை மூட வேண்டாம். கடிதத்தைத் தபாலாபீசுக்குக் கொண்டுபோனேன். பக்கம் அதிகமாகி மரச்சட்டத்தில் சிக்கிக்கொண்டது, பார்சல் கட்டணம் கட்டு என்றார்கள். ஒரு கடிதத்துக்குப் பார்சல் கட்டணமா என்று வந்த ஆத்திரத்தில் உறையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தால், அந்தப் பின்பக்கத்துத் தபால்காரர் நிற்கிறார். “எங்ககூட வாங்க மணி சார், அங்கேர்ந்து போட்டா காசே கிடையாது” என்றார். காசே கிடையாது என்றதும் கால் தானாக நடந்துவிட்டது. இதை மேசையிலிருந்துதான் எழுதுகிறேன். வராந்தா வந்துவிட்டது, பதினாலுக்கு ரொம்ப சந்தோஷம். உறையில் அஞ்சல்தலை இல்லையே என்று யோசிக்காதீர்கள், இங்கிருந்து எதற்கும் தபால் செலவு இல்லை. ஆனால் நான் வீட்டுக்குப் போக வேண்டும், அத்தை டீ போட்டு வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். டூட்டி மாற்ற ஆள் கேட்டார்கள். கணினி தெரிந்தவர், பெரியவர்களிடம் மரியாதை உள்ளவர், முட்டி நன்றாக இருக்கிறது என்று உங்களைச் சொன்னேன், எல்லா அறைக்கும் திருப்தி. மேசை வில்லையை இதோடு வைத்திருக்கிறேன். உறையைப் பிரித்ததும் உங்கள் உள்ளங்கையில் வந்து விழுந்ததே, அதுதான்.