லண்டன் அக்காவும் எட்டாம் ஹென்றியின் நாலாவது கல்யாணமும்

எட்டாம் ஹென்றி ராஜா மீது தொழில்முறைக் கோபம் கொண்ட கல்யாண புரோக்கர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் வேங்கிக்காலில் இருக்கிறார். பெயர் லண்டன் அக்கா. அவர் போன அதிகபட்ச வெளிநாடு பாண்டிச்சேரி.

கிரிவலப் பாதைப் பக்கம் மாதக்கணக்கில் தங்கும் வெள்ளைக்காரர்கள், ஊருக்குக் கிளம்பும்போது பெட்டி கனக்கிறது என்று தடித்தடி நாவல்களை லாட்ஜிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். அதில் டியூடர் வம்சத்து, அதாவது ஹென்றி குடும்பத்து, ராஜா ராணி கதை எது இருந்தாலும் அக்காவிடம் வந்து சேர்ந்துவிடும். பி.ஏ. இங்கிலீஷ் படித்தவர். ஆனால் வரன் விசாரிப்பது போலத்தான் நாவல் படிப்பார். ராணி எதையாவது சொன்னாள் என்று போட்டிருந்தால், செல்போனில் சரித்திரக் கட்டுரைகளைத் திறந்து அக்கம்பக்கம் விசாரித்த பிறகுதான் அடுத்த பக்கம். உடுத்திய துணியின் நிறத்தைக் கற்பனை செய்யலாம், வாயில் வார்த்தையைப் போடக் கூடாது என்பது அவர் கட்சி.

ஒரு நாள் காலையில் கையில் பால் பாக்கெட்டோடு எங்கள் வீட்டுக்குள் கொதித்துக்கொண்டு வந்தார்.

"பாத்தியாடி அநியாயத்த? நாலாவது பொண்டாட்டியப் பாத்ததும் ராஜா 'குதிர மாதிரி இருக்கா'ன்னு சொன்னானாம். அந்தக் காலத்துல அதுக்கு ஒரு சாட்சியும் கெடையாது. நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு எவனோ எழுதிவச்சது!"

"செத்துப்போனவங்களுக்கு என்னக்கா?"

"பொண்ணு பேரு கெடுதுல்ல?"

அந்த ஒரு கல்யாணம்தான் அக்காவுக்கு எல்லாப் பாடமும். ராஜா, ஓவியர் வரைந்த படத்தைப் பார்த்துச் சரி சொன்னார். நேரில் பார்த்து முகம் சுளித்தார். சில மாதத்தில் கல்யாணம் ரத்து. பேசி முடித்த மந்திரிக்கு மரண தண்டனை. "படம் வரைஞ்சவனுக்கு ஒண்ணும் ஆவல. புரோக்கர் தலதான் போச்சு" என்று தன் கழுத்தைத் தடவிக்கொள்வார். "அதுக்கு வேற காரணமும் உண்டு" என்று நியாயமாகச் சேர்த்துக்கொள்ளவும் செய்வார்.

இதெல்லாம் என் தலையில் வந்து விடியும் என்று யார் கண்டது! எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தில் சின்ன வயதில் எண்ணெய் தெறித்த தழும்பு. ஸ்டூடியோக்காரர் அதை அழித்து, கூடவே என் நிறத்தையும் அழித்து ஒரு போட்டோ தந்தார். அம்மாவுக்கு ஆனந்தம். அக்கா அதைத் தொடவே மறுத்துவிட்டார். நான் துணி காயப்போடும்போது தன் செல்போனில் ஒரு படம் எடுத்து, அதைத்தான் எல்லோருக்கும் அனுப்பினார். எங்கிருந்தும் பதில் இல்லை. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

பிறகு கீழ்பென்னாத்தூரில் ஒரு வரனை அக்கா பிடித்தார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அக்கா படம் அனுப்புவதற்குள், அவருக்குத் தெரியாமல் ஸ்டூடியோ போட்டோவை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். பதிலுக்கு மாப்பிள்ளை போட்டோவும் வந்தது. அடுத்த ஞாயிறே பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

நான் கேசரி கொடுக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா தன் செல்போனையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா எட்டிப் பார்த்தார்.

"இது இவ இல்லங்க. இவளுக்குக் கன்னத்துல தழும்பு இருக்கு. கலரும் இதவிடக் கம்மி. இதாங்க இவ" என்று துணி காயப்போடும் படத்தை நீட்டினார்.

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்தார். இந்த இடமும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா நிறுத்துவதாக இல்லை. என் அம்மாவின் செல்போனை வாங்கி மாப்பிள்ளை படத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"இதுவும் தம்பி இல்லங்க. இதுல முடி ஜாஸ்தி."

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வழுக்கையைத் தடவிக்கொண்டே, "காலேஜ்ல எடுத்ததுங்க. எங்கம்மா அனுப்பிட்டாங்க" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் தலை நிமிர்ந்து அவரை நன்றாகப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார், தழும்பு உள்பட.

"அக்கா, அந்தத் துணி காயப்போடற போட்டோவ எனக்கு அனுப்பறீங்களா?" என்று அவர் கேட்டபோது, அம்மாக்கள் இருவரும் கேசரியில் முந்திரி தேடிக்கொண்டிருந்தார்கள்.

கல்யாண மண்டபத்தில் அக்கா போட்டோகிராபரை நிற்கவிடவில்லை. "இருக்கறத இருக்கற மாதிரி எடுப்பா" என்று துரத்திக்கொண்டே இருந்தார். எந்தப் பொய்யும் சேர்க்காமல் என்னை ஒருவருக்குப் பிடிக்கும் என்று, அம்மாவும் நானுமே நம்பாத நாட்களில், நம்பியவர் அவர்.