வெந்தயத்தை விட்ட பெரியப்பா

ஒரு விஷயம் நமக்குத் தெரிந்திருப்பது வேறு, அதை அடுத்தவருக்குப் புரியும்படி சொல்வது வேறு. இதை நான் தாராவியில், ஒரு ஞாயிறு ஆராதனையில், கையில் மைக்கோடு கற்றுக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அப்போது செம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். டி.என்.ஏ. மெத்திலேஷன்தான் என் பாடம். நம் மரபணுக்களில் சில, செல்கள் கண்டபடி பெருகாமல் காவல் காப்பவை. மெத்தில் என்கிற குட்டி வேதிப்பொருள் வேண்டாத இடத்தில் வந்து ஒட்டிக்கொண்டால் அந்தக் காவல் மரபணு வாயடைத்துப் போகும். புற்றுநோய் தலைதூக்க அதுவும் ஒரு வழி. குடலில் கட்டி பெரிதாகும் முன்பே, மலத்தோடு உதிர்ந்து வரும் டி.என்.ஏ.வில் இந்த ஒட்டலைத் தேடிப் பிடிக்க முடியும். (இப்போது எவ்வளவு அழகாகச் சொல்கிறேன், பாருங்கள். அன்று மட்டும் வாயில் வரவில்லை.)

பெரியப்பா தாராவியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அறுபதைத் தாண்டியிருந்தார். நான்தான் நச்சரித்து அவரை அந்தப் பரிசோதனைக்குச் சம்மதிக்க வைத்தேன். வெளியே மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் மல மாதிரி டப்பாவைக் கொடுத்தார். முடிவு பாசிட்டிவ். அதனாலேயே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஆனால் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்தே ஆக வேண்டும்.

நேரில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போனில் சொன்னேன்.

"பெரியப்பா, ரிப்போர்ட்ல மெத்திலேஷன் பாசிட்டிவ். மெத்தில் ஜாஸ்தியா இருக்கு."

"மேத்தியா?"

"ஆமா, மெத்தில். அது ஜாஸ்தியானா ரிஸ்க். டாக்டர்ட்ட போய் ஸ்கோப் பாத்துரணும்."

"ஏட்டி, அப்பம் அதான் காரணம்! சுகருக்குன்னு தெனமும் காலையில அதத்தான முழுங்குதேன். இன்னையோட பந்த் பண்ணிருதேன்."

ரயில் இரைச்சலில் 'பந்த் பண்ணிருதேன்', அதாவது நிறுத்திவிடுகிறேன் என்பது மட்டும்தான் கேட்டது. வாயில் அடக்கும் புகையிலையை விடப்போகிறார் என்று நானாகவே நினைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லது பெரியப்பா" என்றேன். (என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பாவி.) பம்பாயில் வளர்ந்த எங்கள் குடும்பத்தில் வெந்தயக்கீரையும் வெந்தயமும் எப்போதோ மேத்தியாகிவிட்டன. அவர் தினமும் கடையில் நிறுத்துப் போடுவதும் மேத்திதான். இது எனக்கு உறைக்கவே இல்லை.

பிறகு வந்த வாரங்களில் ஸ்கோப் பற்றி எப்போது கேட்டாலும், "அதெல்லாம் பாத்துக்கிட்டேன்ட்டி" என்றார். நம்பினேன்.

அந்த ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில் பெரியப்பா எழுந்தார்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எனக்குக் கேன்சர் வராம என் தம்பி மவ தடுத்துட்டா. எல்லாம் மேத்தியால வாரதாம். கீரைய விட்டாச்சு, வெந்தயத்தண்ணிய விட்டாச்சு, கடையில விக்கிறதையும் பந்த் பண்ணியாச்சு. இனிமே டாக்டரும் வேண்டாம், ஸ்கோப்பும் வேண்டாம். அல்லேலூயா!"

சபை முழுக்க "அல்லேலூயா" என்றது. பெண்கள் வரிசை மொத்தமும் என் பக்கம் திரும்பியது. பக்கத்திலிருந்த அக்கா, "அப்பம் இட்லி மாவுக்கு என்னத்தட்டி போட?" என்று காதில் கேட்டாள்.

இந்த மனிதருக்குள் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருக்கலாம். இவரோ என் பேச்சை நம்பி, வெந்தயத்தை விட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார். ஆராதனை முடியும்வரை பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. பாய்ந்துபோய் மைக்கைப் பிடுங்கினேன்.

"மேத்தி இல்ல, மெத்தில்! அது கெமிக்கல்! பெரியப்பாவோட மலத்துல இருந்துச்சு!"

எங்கள் சபையின் ஒலிபெருக்கி தெருமுனை வரை கேட்கும். முதலில் ஒரு குழந்தை சிரித்தது. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. போதகர் வேதாகமத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். பெரியப்பா யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

பின்னாலேயே கடைக்கு ஓடினேன். பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே போனேன்.

"இனி எவன் இங்க சாமான் வாங்க வருவான்? சிரிக்கத்தான் வருவான்," என்றார். குரல் உடைந்திருந்தது. "ஒன்னைய நம்பித்தானட்டி குடுத்தேன்."

அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே, "உள்ள கட்டி இருக்கலாம் பெரியப்பா. இருந்தா இப்பவே எடுத்துரலாம். எனக்குப் பயமா இருக்கு," என்றேன்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "இத மொதல்லயே இப்படிச் சொல்ல வேண்டியதுதானட்டி?" என்றார்.

ஸ்கோப்பில் ஒரு கட்டி தெரிந்தது. அப்போதே எடுத்துவிட்டார்கள். இன்னும் புற்றாகவில்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடும் என்றார் டாக்டர். பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது எனக்குச் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகம். இத்தனை வாரமும் அது என் அரைகுறைப் பேச்சால்தானே உள்ளேயே கிடந்தது.

பெரியப்பா என்னை மன்னித்துவிட்டார், ஆனால் விடவில்லை. இன்று என் பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் இருக்கிறது. இருந்தும், வீட்டில் நான் வாயைத் திறந்து, நாளைக்கு மழை வரும் என்று சொன்னால்கூட, சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டுக் கைகூப்புவார்.

"அப்பம் எத பந்த் பண்ணணும்னு சொல்லிரு தாயி."